திருப்திதானா?

"பேச்சு பிசகினா அவன் கீழ இறங்க மாட்டான்" என்றார் போலீஸ்காரர், ஜன்னல் வழியாக ஜீப்பைக் காட்டி.

ஜீப்பில் தையல்காரியின் புருஷன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை கட்டுப் போட்டுத் தொங்கியது. அதை ஒடித்த மகராசன்தான் இப்போது அவள் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

அவன் செய்த குற்றம் என்ன? வண்டியை ஓரங்கட்டச் சொன்னபோது, ஏன் சார் என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான்.

அவள் சும்மா விடவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள். அவர்கள் அதை அக்கறையாகப் படித்து, அதே ஸ்டேஷனுக்கு அனுப்பிவைத்தார்கள். ஸ்டேஷனில் அதை விசாரிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? இதே புண்ணியவானிடம்தான்.

அவர் தன்னைத்தானே விசாரித்தார். தன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று கண்டுபிடித்தார். கையோடு அவள் புருஷனையும் விசாரணை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி ஒன்றுதான் பாக்கி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, திருப்திதானா என்று கேட்பாள். திருப்தி என்றால் புகாரை மூடிவிடுவார்கள்.

சாயங்காலம் கூப்பிடுவார்களாம் என்று மத்தியானமே ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்ச் சொன்னவள் தையல்காரிதான். நல்லபடியாகப் பேசிவிடுகிறேன், அவரை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். போலீஸ்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு விடுகிறேன் என்றார்.

போன் அடித்தது. நம்பரை எட்டிப் பார்த்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

பெண் குரல், தேனாக ஒழுகியது. காவலர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா என்று கேட்டது.

நடந்துகொண்டார்கள் என்றாள்.

அஞ்சுக்கு எத்தனை மார்க் தருவீர்கள்?

போலீஸ்காரர் ஐந்து விரலையும் விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அஞ்சு என்றாள். சார் தங்கமானவர் என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

புகார் முடிக்கப்பட்டது, நன்றி என்று குரல் அடங்கியது.

அவர் எழுந்தார். மேலே புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போதாவது புத்தி வந்ததா என்றார். வந்தது என்று தலையாட்டினாள். வெளியே போய் அவள் புருஷனைச் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கி, வாசலில் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவள் கதவைத் தாழிட்டாள். புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னல் வழியாக எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. அந்தப் பாவியைப் போய்த் தங்கம் என்கிறாயே, இதற்கு நான் லாக்கப்பிலேயே கிடந்திருப்பேன் என்றான்.

போன் மறுபடி அடித்தது. அதே குரல். இப்போது தேன் இல்லை, பதற்றம்தான் இருந்தது.

"அக்கா, மாமாவை விட்டுட்டானா?"

விட்டுவிட்டான் என்று தங்கையிடம் சொன்னாள். சமையல் கேஸ் கம்பெனியில் நாளெல்லாம் போனில் குறை கேட்கும் தங்கை அவள்; கம்பெனி போனிலிருந்தே கூப்பிட்டிருந்தாள்.

நிஜமான தலைமை அலுவலகத்துப் பெண் காலையிலேயே கூப்பிட்டிருந்தாள். தையல்காரி ஒன்றுவிடாமல் சொல்லி அழுதுவிட்டாள். அடிபட்டவரை இன்றைக்கே நேரில் கூட்டிவர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். எப்படியாவது கூட்டிவருகிறேன் என்று தையல்காரி சொல்லியிருந்தாள்.