வேற ரூம் வேணும்

"வேற ரூம் கொடுங்க மேடம். ஏன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார் தர்மாம்பாள்.

வார்டன் பிரகதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பெண்கள் ஹாஸ்டலில் சேருகிற நாள் அது. வராந்தா முழுக்க பக்கெட், தலையணை, அழுது மூக்கு சிவந்த அம்மாக்கள். காலையிலிருந்து எல்லாருக்கும் பதில் சொல்லியே வார்டனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

தர்மாம்பாள் திருக்காட்டுப்பள்ளிக்காரர். மகள் எழில்மொழிக்குத் தனி ரூம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தார்களாம். முதல் வருடத்துக்குத் தனி ரூம் கிடையாது, இரண்டு பேர் ரூம்தான் என்று பதில் வந்துவிட்டதாம். நேரில் கேட்டால் மனசு இளகாதா என்று கிளம்பி வந்துவிட்டார்.

"இப்ப கொடுத்திருக்கற ரூமுக்கு என்னம்மா குறை? ஜன்னலைத் திறந்தா வயக்காத்து."

"ரூமுக்கு ஒரு குறையும் இல்லீங்க. ஸ்டோர் ரூம் ஏதாவது சும்மா கிடந்தாக்கூடக் கொடுங்க. அவ இருந்துக்குவா."

வார்டனுக்குப் பொறி தட்டியது.

"கதவுல கூட இருக்கப்போற பொண்ணு பேரு ஒட்டியிருக்குமே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சுமையா."

"ஓகோ."

தர்மாம்பாள் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது வார்டனுக்கு. ஸ்டோர் ரூமில் விளக்குமாற்றோடு இருப்பாளாம், சுமையாவோடு இருக்கமாட்டாளாம்.

வாயைத் திறக்கப் போன நேரத்தில் உள்ளே வந்தார் ஒருவர். ஜெக்கரியா, அதிராம்பட்டினத்தில் ஹார்டுவேர் கடை. அந்த சுமையாவின் வாப்பா. அவரும் கையைப் பிசைந்துகொண்டு, மகளுக்கு அந்த ரூம் சரிப்பட்டு வராது, எங்காவது தனியாக மாற்றிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். காரணம் கேட்டதற்கு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரகதீஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

தொண்டை கட்டியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரே ஆற்றுத் தண்ணீரில்தான் எல்லாருக்கும் நெல் விளைகிறது என்றார். ஒரே மெஸ்ஸில் ஒரே சாம்பாரைத்தான் எல்லாரும் குடிக்கப் போகிறார்கள் என்றார். படிக்க வந்த பிள்ளைகள் மனதில் பெரியவர்களே விஷத்தை ஊற்றலாமா என்று கேட்டார். வராந்தாவில் அழுதுகொண்டிருந்த அம்மாக்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார்கள். அதைப் பார்த்ததும் வார்டனுக்குக் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"பேரைப் பார்த்து மனுஷனை ஒதுக்கறவங்களுக்கு இந்த ஹாஸ்டல்ல இடம் கிடையாது" என்று முடித்தார்.

தர்மாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, அது இல்லீங்க மேடம்." குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணு குறட்டை விடுவா."

"என்னது?"

"சாதாரணக் குறட்டை இல்லீங்க. போர்செட்டு ஓடற மாதிரி. மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்களான்னு பக்கத்து வீட்டுல வந்து கேட்டிருக்காங்க. கூட இருக்கற புள்ள பாவம், தூங்காம எப்படிப் படிக்கும்? வயசுப் பொண்ணு, இதை வெளில சொன்னா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு வரைக்கும் போயிடும். அதான் மேடம் வாயைத் திறக்கல."

ஜெக்கரியா தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுல போர்செட்டா? எங்க வீட்டுல விசைப்படகும்மா. மேல் மாடியில அவ படுத்தா கீழ அலமாரிக் கண்ணாடி அதிரும். உங்க பொண்ணு பயந்துடப் போவுதேன்னுதான் நானும் வந்தேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா இப்படி ஊரறிய மானத்தை வாங்கியதில் எழில்மொழிக்கு அழுகை வரும்போல இருந்தது. சுமையாதான் முதலில் பேசினாள்.

"யாரு முதல்ல தூங்கறோமோ அவங்க தப்பிச்சாங்க. சரியா?"

"நான் படுத்த உடனே தூங்கிடுவேன்," என்றாள் எழில்மொழி.

"பார்க்கலாம்."

இரண்டும் சிரித்துக்கொண்டே பெட்டிகளை ஒன்றாக ஒதுக்கி வைக்க ஆரம்பித்தன. தர்மாம்பாள் கூடையைத் திறந்து, வீட்டில் சுட்டுக்கொண்டு வந்த அதிரசத்தை ஜெக்கரியாவிடம் நீட்டினார். வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள்.

பிரகதீஸ்வரிக்கு மனசு நிறைந்துவிட்டது. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோம்தான். இருந்தாலும் பேசிய பேச்சில் தப்பு ஒன்றும் இல்லையே. அடுத்த வருடம் தொடக்க விழாவில் இதையே சொல்லலாம், நல்ல கைதட்டல் விழும்.

அந்த ரூம் சாவியையே எடுத்துக் கொடுக்கலாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பினார். சாவிக்கொத்து ஆணியில் சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மேஜையில் போன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, "சொல்லுங்க பக்கிரி" என்றார். வீட்டு புரோக்கர்.

"மேடம், உங்க மாடி போர்ஷனைப் பார்க்க ஒரு குடும்பம் வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. பேங்க்ல வேலை. வாடகைகூட குறைச்சுக் கேக்கல."

"அப்புறம் என்ன, சாவியைக் கொடுத்துட வேண்டியதுதானே?"

"பேரு கேட்டேன் மேடம். ஆஸிம்னாரு."

பிரகதீஸ்வரி சாவியை அப்படியே விட்டுவிட்டுப் போனை நோக்கிப் பாய்ந்தார். அதற்குள் பக்கிரி பேசி முடித்துவிட்டார்.

"நீங்க சொல்லி வெச்ச மாதிரியே, வீடு போயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."