குளிர் விடும் வரை

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த, மருந்து நிரப்பிய ஊசிப்பேனா, குளிர் விடுவதற்காகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. காலை வெயில் அதன் சின்னக் கண்ணாடியில் விழுந்து மினுங்குகிறது. பஸ் ஓட்டுநரான அவன் சீருடைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, அதைப் பார்க்காத மாதிரி ஷூ நாடாவை முடிகிறான். "வயிறுதான் இப்ப சமத்தா இருக்கே. ரத்தம் போறதும் நின்னுபோச்சு. இன்னும் எதுக்கு வயித்துல ஊசி?" மனைவி அடுப்பை அணைக்கிறாள். "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? குடலுக்குள்ள திருடனே கெடயாது. ஆனா உங்க உடம்பு 'திருடன், திருடன்'னு சேதி அனுப்பி ஊரக் கூட்டுது. வந்த கூட்டம் சொந்த வீட்டையே அடிச்சு நொறுக்குது. மருந்து அந்தச் சேதியப் புடிச்சு வைக்கிறதாலதான் இந்தச் சமத்து." "அப்ப என் உடம்பு, ஒண்ணுமில்லாததுக்கு ஊரக் கூட்டுற உன் தம்பி மாதிரின்னு சொல்லு." "வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வரல." அதற்குமேல் வாதாடாமல் அவள் உள்ளே போகிறாள். போன வருஷம், வண்டி ஓட்டும்போது அடக்க முடியாமல் போகும் நாட்களுக்காக அவன் பையில் வைத்திருந்த மாற்றுக் கால்சட்டையை எடுத்துவந்து ஊசிக்குப் பக்கத்தில் வைக்கிறாள். தெருவில் ஒரு பஸ் நின்று, பெருமூச்சு விட்டுக் கிளம்புகிறது. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறான். பிறகு பேனாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறான். குளிர் விட்டிருக்கிறது. சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றுகிறான்.