முப்பத்தோராவது ஸ்டிக்கர்

வெள்ளை பிக்கப் வண்டி கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஹக்கபி என் பக்கத்தில் நின்று என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையில் ஒரே ஒரு ஸ்டிக்கர் இருந்தது.

மாலை ஆறரை. வெயில் இன்னும் இறங்கவில்லை.

உள்ளே இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹக்கபிதான் மேலாளர். பத்து நாளைக்கு முன் அவரே முப்பத்தொரு ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் வந்துபோகும் வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய வண்டியை நிறுத்த வேண்டாம். கேட்டைத் திறந்துவிட்டால் போதும். கேட் காவலுக்கு இருக்கும் எழுபத்து மூன்று வயது ஆள் ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நடக்க வேண்டாமே என்ற கரிசனம்.

நான் கரிசனம் கேட்டவன் இல்லை.

எங்கள் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்தபடி அடுத்தவரை விசாரித்ததில்லை. சாலையின் குறுக்கே கிடக்கும் ரப்பர் குழாயில் டயர் ஏறினால் என் கேரவனுக்குள் மணி அடிக்கும். சட்டையை உள்ளே விட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, பதிவேட்டுடன் இறங்கிப் போவேன். பெயர், கம்பெனி, வண்டி எண், வண்டிக்குள் எத்தனை பேர். கவர்னரே வந்தாலும் இந்த நான்கு கேள்விதான்.

இந்த கேட்டை நான் கேட்டு வாங்கினேன். டெக்சஸில் கொட்டுலா ஊருக்குப் பக்கத்தில் நிழலோடு இரண்டு கேட் இருக்கும்போது, சீமைக்கருவேலத்தையும் பாம்பையும் தவிர ஒன்றும் இல்லாத இடத்துக்கு யாராவது ஆசைப்படுவார்களா என்று காவல் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரி சிரித்தாள்.

வெள்ளை வண்டி காலை ஐந்தே முக்காலுக்கு வரும். மாலை ஆறரைக்குப் போகும். கண்ணாடி இறங்கும். நான்கு கேள்வி, நான்கு பதில். அரை நிமிடம்.

அரை நிமிடத்தில் எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம். ஜனவரியில் இருமல் இருந்தது. பதிவேட்டில் ‘இருமல்’ என்றே எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். மார்ச்சில் இடது கட்டைவிரலில் ஒரு கட்டு. இப்போது காதோரம் இரண்டு நரை.

ஸ்டிக்கரை ஒட்டினால் அந்தக் கண்ணாடி இறங்காது. அதனால்தான் முப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

தீர்ந்துவிட்டது என்று ஹக்கபியிடம் சொல்லிப் பார்த்தேன். முப்பத்தொன்றில் முப்பது போனால் எத்தனை என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரிக் கேட்டார். பின்னால் காத்து நிற்கும் லாரிக்காரர்கள் அவரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார்கள். வெள்ளை வண்டியிலிருந்து மட்டும் இந்தப் பத்து நாளும் ஒரு புகாரும் வரவில்லை.

“காட்டுப்பன்னி சுட வர்றவனுக்குக்கூட ஒட்டி விட்டுருக்கீங்க. இந்தப் பொண்ணு மேல மட்டும் அப்படி என்ன பெரியவரே கோபம்?”

நான் பதிவேட்டைத் திறந்தேன்.

இந்த கேட்டுக்கு வந்துதான் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். கிணறு தோண்டும் இடத்தில் போன் எடுக்காது. போன மாதம் ஒருவர் வந்து, உள்ளே வேலை செய்யும் தன் அண்ணனிடம் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சொல்ல வேண்டும் என்றார். பட்டியலில் பெயர் இல்லை. அவரை உள்ளே விட முடியாது. தண்ணீர் லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். தகவல் போய்ச் சேர்ந்தது. ஆனால் மாற்று ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அண்ணன் வெளியே போன நேரத்தை நான்தான் பதிவேட்டில் எழுதினேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஹக்கபி கையை நீட்டினார். ஸ்டிக்கரை எடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஓட்டுநர் வாயால் பெயர் கேட்டு எழுத வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

பெயர் கேட்டேன்.

அரசேலி பஸல்துவா என்று வந்தது, தினமும் வருகிற அதே குரலில்.

ஹக்கபி நிமிர்ந்தார். இத்தனை மாதமாக அவருக்கு நான் வெறும் பெரியவர்தான். இப்போது என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பஸல்துவா. இந்த டெக்சஸ் பூரா தேடினாலும் நாலு வீடு தேறாத பேரு. என்ன, ரெண்டு பேரும் சொந்தமா?”

அவர் என்னைத்தான் கேட்டார். ஒரு சொல் போதும். என் முதுகு நேராக இருந்தது. அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதினேன்.

வண்டிக்குள் இருந்தவள் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

“இல்லீங்க சார். பேரு மட்டும்தான் ஒண்ணு.”

ஹக்கபி சிரித்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். அவள் ஸ்டிக்கரை வாங்கி, கண்ணாடியின் ஓரத்தில் கோணாமல் ஒட்டினாள். நான் கேட்டைத் திறந்தேன்.

வண்டி உடனே நகரவில்லை. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். பிறகு நகர்ந்தது. சுண்ணாம்புப் புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஒன்பது வருடங்களுக்கு முன், என் மனைவியை அடக்கம் செய்து இரண்டு நாள் கழித்து, அரசேலி எங்கோ கிணற்று வேலையிலிருந்து சேறு காயாத பூட்ஸோடு ஓடி வந்து நின்றாள். தேவாலய வாசலில், ஊரார் முன்னிலையில் சொன்னேன், எனக்குப் பிறந்தவள் என்று இனி நீ யாரிடமும் சொல்லக் கூடாது என்று.

என் மகள் என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை.