செல்லாத மணித்தியாலங்கள்

இரண்டாவது செடில் கொழுக்கி ஏறியபோதும் பரமலிங்கத்தாரின் முதுகில் ஒரு பொட்டு இரத்தம் வரவில்லை.

மகன் மயூரதன் கண்ணை மூடிக்கொண்டான். நேர்த்திக்கடனில் பொய் கலந்திருந்தால் கொழுக்கி ஏறுகிற இடத்தில் இரத்தம் வரும் என்பது ஊர் முழுக்க நம்புகிற கதை. அவன் கணக்குப்படி இந்நேரம் குடம் குடமாக வந்திருக்க வேண்டும்.

வைரவர் கோயில் வளவில், வேப்பிலை பரப்பிய வாங்குப் பலகையில் அப்பா குப்புறப் படுத்திருந்தார். மகன் தலைமாட்டில் முழந்தாளிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னே நீட்டியிருந்த துலா மரத்தில் அப்பாவைப் பறவைபோலத் தொங்கவிட்டு, முருகன் கோயில் வரைக்கும் கொண்டுபோவார்கள்.

மகன் விமானியாகிவிட்டான், தகப்பன் பறவைக் காவடி எடுக்கிறார். கோப்பாய் ஊருக்கு இது நன்றாகப் பிடித்துப்போயிற்று. விடிந்ததிலிருந்து கண்டவர்கள் எல்லாம் அவனைக் 'கப்டன்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கப்டனும் எல்லோருக்கும் தலையாட்டினான்.

அவன் விமானியாகவில்லை.

வணிக விமானிச் சான்றிதழுக்கு இருநூறு மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். கொழும்புப் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் நாலு இருக்கை விமானம் ஒன்று நின்றது. பார்க்க ஆசையாக இருக்கும், வாடகையைக் கேட்டால் ஆசை போய்விடும். அதனால் பழைய இரண்டு இருக்கை விமானத்தில் பழகினான். இருநூறில் பாதி முடிந்த நேரத்தில், பயிற்சிக் காசுக்காகப் புகையிலைத் தோட்டத்தை விற்க அப்பா ஆள் பார்க்கிறார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள்.

தோட்டத்தைக் காப்பாற்ற எண்ணி, இன்னும் மலிவான ஒன்றைத் தேடிப் பிடித்தான். துணி இறக்கை போட்ட குட்டி விமானம். சத்தம் மோட்டார் சைக்கிளின் சத்தம், காற்று கொஞ்சம் பலத்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். மிச்சத்தை எல்லாம் அதிலேயே பறந்து தீர்த்துவிட்டு, தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

அந்த வகை விமானத்தில் பறந்த மணித்தியாலங்கள் இந்தச் சான்றிதழுக்குச் செல்லாது என்பது, விண்ணப்பிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. முதலிலேயே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு உயிர் போனாலும் 'தெரியாது' என்று மட்டும் வாயில் வராதே.

வீட்டுக்கு வந்து, இருநூறு மணித்தியாலமும் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். மற்றதை மெல்லச் சொல்லலாம் என்றிருந்தான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் விடியமுன் கோயிலுக்குப் போய், தேர்த் திருவிழாவுக்குக் காவடி என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு விரதம் தொடங்கிவிட்டது. காவடி எடுக்கிற மனிதரிடம் மனம் நோகிற கதை ஒன்றும் கதைக்கக்கூடாது என்று அம்மா காவல் நின்றாள். அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது வாழ்த்துச் சொல்ல வந்தார்கள்.

மூன்றாவது செடில் ஏறியது. அப்பாவின் விரல்கள் அவன் கையை நெரித்தன.

இப்போதாவது சொல்ல வேண்டும். மாத முடிவுக்குள் திரும்பி வந்தால் பழைய இரண்டு இருக்கை விமானத்தில் குறையை முடிக்கலாம், இடம் வைத்திருக்கிறேன் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். அப்பா ஓம் என்றால் போதும். அவனுக்கு அந்த வானம் வேண்டும், பொய் சொல்லாமல் வேண்டும். அதற்காகத் தோட்டம் போனாலும் உழைத்து மீட்டுவிடலாம். தன் பொய்க்காக அப்பா கொழுக்கியில் தொங்குவதைத்தான் அவனால் தாங்க முடியாது.

அவன் அப்பாவின் காதருகே குனிந்தான்.

"அப்பா, எனக்கு லைசன்ஸ் கிடைக்கேல்லை. காவடியை நிப்பாட்டுங்கோ."

செடில் குத்துகிற தியாகராசா அண்ணைக்கும் அது கேட்டுவிட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார். வெளியே மேளம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா முகத்தைத் திருப்பினார். அவன் பயந்த கோபம் அதில் இல்லை.

"தெரியும் தம்பி. நீ வந்து இறங்கின அண்டைக்கே உன்ரை முகத்திலை கண்டிட்டன். அதுக்குத்தானே இந்தக் காவடி."

மயூரதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"குண்டு போடுற பிளேன் சத்தத்துக்குப் பங்கருக்குள்ளை விழுந்து விழுந்து வளந்தவன் நான். மறிச்சால் நீ கேக்கமாட்டாய். முருகா, இவனுக்கு உந்தப் பறப்புச் சரிவரக்கூடாது, உயிரோடை வீட்டை வந்து சேரவேணும், பறவைக் காவடி எடுக்கிறன் எண்டு நேர்ந்தனான். கேட்டிட்டார்."

தோட்டத்தை விற்க ஆள் பார்த்ததும் இதே மனிதர்தான்.

அப்பாவின் கண்ணீர் வேப்பிலையில் விழுந்தது. இவ்வளவு சந்தோசமாக அவரை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

ஏச்சு வாங்க ஆயத்தமாக வந்தவன் அவன். கடவுளே சரி என்று சொல்லி, அப்பா அதற்கு உடம்பையும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மாத முடிவுக்குள் பழைய விமானத்துக்குத் திரும்பப் போகட்டுமா என்று எப்படிக் கேட்பது?

"நீங்கள் குத்துங்கோ" என்றார் அப்பா.

தியாகராசா அண்ணை அடுத்த செடிலுக்குக் காலில் திருநீறு பூசினார்.

"தம்பி, காலை அசையாமல் பிடியும்."

மயூரதன் எழுந்து போய் அப்பாவின் கால்களை இறுக்கிப் பிடித்தான்.