நூறு நாள் சைவம்

ஷின்ரூவின் தட்டில் இரண்டு துண்டு டோஃபுவும் கொஞ்சம் முட்டைக்கோஸும் இருந்தன. அதுவும் அவள் அம்மா மெய்யுன் எடுத்து வைத்ததுதான்.

பெண் சாப்பிட்டு மூன்று நாளாகிறது. அப்பாவின் தகனம் முடிந்து வந்ததிலிருந்து வெந்நீர் மட்டும் குடிக்கிறாள். பதினாலு வயது. பள்ளிச் சீருடை தோளில் தொங்குகிறது.

தாய்னான் நகரில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறது லியாவ் அக்காவின் சைவக் கடை. நீளமான மேசையில் முப்பது தட்டம். வேண்டியதை எடுத்துத் தராசில் வைத்தால் எடைக்குக் காசு. பூண்டு கிடையாது, வெங்காயம் கிடையாது. ஐந்தரை மணிக்கு வேலை விட்ட அம்மாக்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, சர்க்கரைவள்ளிக் கீரை, மூங்கில் குருத்து, கத்தரிக்காய், பழுப்பரிசிச் சோறு என்று அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டில் சமைத்தால் இவ்வளவு மலிவாக முடியாது. உடம்புக்கும் கெடுதல் இல்லை.

மெய்யுன் மலிவுக்காக இங்கே வரத் தொடங்கவில்லை.

கணவர் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த அன்று, அவளும் மகளும் குவான்யின் அம்மன் கோயிலில் மண்டியிட்டு, அவர் எழுந்துவரட்டும், இன்றிலிருந்து நூறு நாள் சைவம் என்று வேண்டிக்கொண்டார்கள். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். எழுபத்துமூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

இப்போது துக்கத்துக்கு நாற்பத்தொன்பது நாள் சைவம். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்துவிட்டது. அதே கடை, அதே நாற்காலி.

மெய்யுனுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. விடுப்பு முடிந்து இன்று ஷூ கம்பெனிக்குப் போனாள். நாள் முழுக்க அடிப்பாகம் ஒட்டினாள். எத்தனை ஜோடி, யார் என்ன பேசினார்கள், ஒன்றும் நினைவில்லை.

பெண் சாப்பிட வேண்டும். அது ஒன்றுதான் புத்தியில் நின்றது.

“ஒரு வாய் சாப்பிடு.”

ஷின்ரூ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“நான் கோழி தின்னுட்டேம்மா. விளையாட்டு விழா அன்னிக்கு. என் கிளாஸ் யூச்சிங், வறுத்த கோழி வாங்கினா. பசிச்சுது. ஒரே ஒரு துண்டு.”

விளையாட்டு விழா எழுபத்தோராம் நாள். மெய்யுன் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

“ரெண்டே நாள்ல அப்பா போயிட்டாரு.” பெண்ணின் குரல் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

முதல் வாரமே டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அது பெண்ணுக்கும் தெரியும். ஒரு துண்டு கோழிக்காக அம்மன் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளமாட்டாள் என்று சொல்லலாம். அப்படியானால் இத்தனை நாள் நாம் எதற்குக் கீரை தின்றோம் என்று கேட்பாள்.

“நான் உனக்கு முன்னாடியே தின்னுட்டேன்,” என்றாள் மெய்யுன்.

பெண் நிமிர்ந்தாள்.

“பதினெட்டாம் நாளோ என்னமோ. எதிர்க்கடையில. பன்னிக்கறிச் சோறு.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“பொய். என்னைச் சாப்பிட வைக்கறதுக்குச் சொல்றே.”



மேசை துடைக்க வந்த லியாவ் அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். இருபது வருடத்துக்கு முன் மடத்தில் விரதம் எடுத்தவள். உயிரைக் கொல்லமாட்டேன், பொய் சொல்லமாட்டேன் என்று. காளான் புதுசா என்று கேட்டால் நேற்றையது என்று சொல்லி, வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று தெருவே அவளைக் கேலி செய்யும்.

“அத்தை, நீங்க பொய் சொல்லமாட்டீங்க,” என்றாள் ஷின்ரூ. “அம்மா அங்க சாப்பிட்டுச்சா?”

லியாவ் அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். மெய்யுன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

“சாப்பிட்டாளாவா?” என்றாள் லியாவ் அக்கா. “ரெண்டு கிண்ணம். நல்ல மழை அன்னிக்கு. கல்லாவுல உக்காந்து நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். மேல ஒரு முட்டை வேற.”

“முட்டையுமா?”

ஷின்ரூ அம்மாவை முறைத்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அந்த முகத்தில் கோபம் என்று ஒன்று வந்திருந்தது.

“நீ முட்டையெல்லாம் போட்டுத் தின்னுட்டு, எனக்கு மட்டும் தினம் கீரையா?”

“ஆமா.”

பெண் குச்சிகளை எடுத்தாள். முதல் துண்டு டோஃபு தொண்டையில் நின்று நின்று இறங்கியது. இரண்டாவது சீக்கிரம் இறங்கியது. முட்டைக்கோஸையும் முடித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் எழுந்துபோய்த் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தன்மேல் எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும் என்று மெய்யுன் நினைத்தாள்.

லியாவ் அக்கா உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த எழுபத்துமூன்று நாளும், காலைக்கு ஒரு பெட்டி, மதியத்துக்கு ஒரு பெட்டி, ராத்திரி இங்கேயே ஒரு தட்டு என்று மூன்று வேளையும், மெய்யுன் இந்தக் கடைச் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் வாயில் வைத்ததில்லை. ஒவ்வொரு வேளையும் நிறுத்துக் கொடுத்தது லியாவ் அக்காதான்.