மஜபாஹித்துக்கு வேறு பெயர் இல்லை

"வ... வ... வரலாறு எனக்கு வேணாம்டி. ஆவணக் காப்பகப் படிப்புக்கு மாறிடறேன். அங்க யாரோடயும் பேச வேண்டியதில்லை."

கினாசி இதைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தோழி யூனியார் சோற்றில் கை வைக்காமல் காத்திருந்தாள். இருவரும் மலாங் நகரப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறார்கள். படிப்பை முடித்தால் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஆகலாம். ஆனால் கினாசிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய்.

"மாறிக்கோ. ஆனா அந்தக் கல்லுமூஞ்சி கையெழுத்துப் போடணுமே," என்றாள் யூனியார்.

கற்பித்தல் பயிற்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் பாக் திர்தானாவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது; நேரில் மரியாதையாக 'பாக்', அதாவது ஐயா, என்பார்கள். யார் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார், எதுவானாலும் குறுஞ்செய்திதான். வகுப்பில் வருகைப் பதிவைக்கூட யாராவது ஒரு மாணவரை விட்டுத்தான் வாசிக்கச் சொல்வார். கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதற்குப் பிறகுதான் பதில் வரும். அடுத்தவர்களைக் காக்க வைப்பதில் அவருக்கு ஒரு சுகம் என்பது யூனியாரின் முடிவு. கினாசிக்கும் அதில் சந்தேகம் இல்லை. மாதிரி வகுப்பு என்றால் முதலில் எழுந்து நிற்கவேண்டியவள் அவள்தான். பாடத்தை எழுதித் தந்துவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

கினாசிக்கு ஒரு வித்தை தெரியும். ஒரு சொல் வராது என்று தோன்றினால் சட்டென்று வேறு சொல்லுக்குத் தாவிவிடுவாள். கறி உருண்டை போட்ட பக்சோ சாப்பிட நாக்கு ஊறும், 'ப' அடைத்துக்கொள்ளும், சோத்தோ சூப் வாங்கிக் குடித்துவிட்டு வருவாள். வரலாற்றில் அந்த வித்தை பலிக்கவில்லை. தங்கள் நாட்டின் பழம்பெரும் ராஜ்ஜியமான மஜபாஹித்தை மஜபாஹித் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் துறை மாற்றும் விண்ணப்பத்தோடு அவர் அறைக்குப் போனாள். பாக் திர்தானா அதை மெதுவாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வரலாறு... பிடிக்கலையா?"

"பிடிக்கும் பாக்."

"பிள்ளைங்களை?"

"அவங்களையும் பி... பிடிக்கும்."

"அப்புறம், வாய்க்காகவா... ரெண்டையும் விடறே?"

அவர் கையெழுத்துப் போடாமலே விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். மஜபாஹித்தின் தலைநகர் இருந்த மொஜோகெர்த்தோவில் ஒரு பள்ளிக்கு அவளைப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகவும், பத்தாம் வகுப்புக்கு மஜபாஹித் பாடத்தை அவள்தான் நடத்த வேண்டும் என்றும் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கினாசி அழுது தீர்த்தாள்.

பள்ளியில் முதல் வாரம் அவள் பயந்தபடியே போனது. பின் வரிசைகளில் கிசுகிசுப்பு, அடக்க முடியாத சிரிப்பு. ஒரு நாள் அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒளித்து வைக்க இனி என்ன இருக்கிறது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு பேசினாள்.

"என் வாய் சில நேரம் நி... நின்னுடும். கொஞ்சம் பொறுத்துக்கங்க. ராஜா செத்துப் பல நூறு வருஷமாச்சு, எங்கேயும் ஓ... ஓடிட மாட்டாரு."

வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வாய் நின்றால் பிள்ளைகள் பேசாமல் இருக்கப் பழகிவிட்டார்கள்.

பயிற்சியின் கடைசி நாள் மதிப்பெண் போட பாக் திர்தானா வந்தார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நாம ம... ம... ம..."

சொல் வரவில்லை. பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார், பெஞ்சின் விளிம்பைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு. பார்க்கக்கூடச் சகிக்கவில்லையோ என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"...மஜபாஹித்தோட தலைநகரைப் பார்க்கப் போறோம்."

பிறகு பாடம் தானாக நடந்தது. நடுவில் ஒரு மாணவி எழுந்தாள். தங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்தக் காலத்துச் செங்கல் என்று அப்பா சொல்கிறாராம். "அப்ப நாங்க ராஜா வீட்டுலயா டீச்சர் இருக்கோம்?"

"ராஜா வீட்டுக் கல்லா, அவருக்குச் சோ... சோறாக்கிப் போட்டவங்க வீட்டுக் கல்லா? அதைத் தேடிப் போறதுதான் நம்ம பாடம்," என்றாள் கினாசி.

மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு விடவில்லை.

ஒருவழியாக அவள் தாழ்வாரத்துக்கு வந்தபோது பாக் திர்தானா அங்கே நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரும் வந்தார். பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். வெளியிலிருந்து கேட்டதாகவும் பாடம் அருமை என்றும் கினாசியைப் பாராட்டிவிட்டு, பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. உங்க பேரு என்ன பாக்?"

அவர் வாயைத் திறந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"தி... தி... தி..."

தலைமையாசிரியர் சங்கடத்தோடு கினாசியின் பக்கம் திரும்பினார். அவளோ எதுவும் எடுத்துக் கொடுக்காமல், கண்கள் நிறைய, அந்தப் பெயர் அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்து நின்றாள்.