சங்கத் தலைவியின் சாவி

"திருடர் சங்கத்துல சிபாரிசெல்லாம் செல்லாது. தலைவியோட சாவியை அவளுக்கே தெரியாம எடுத்தாத்தான் மெம்பர்," என்றாள் மகள்.

அவள் எழுதி நடத்தும் கற்பனை விளையாட்டில் அவள்தான் தலைவி. சங்கத்தில் சேர ஏழு வாரமாக அலைகிற திருடன், அப்பா. மேஜையில் நகர வரைபடம், இருபது முகப் பகடை, தலைவியின் சாவியாக வீட்டு பீரோ சாவி.

"முப்பது வருஷம் பேங்க் லாக்கரைக் காத்தவனைத் திருடனாக்கிட்டியே."

"பேச்சை மாத்தாதீங்க. பதினஞ்சுக்கு மேல விழணும்."

இடது கையால் உருட்டினார். பகடை மேஜையைத் தாண்டிக் கட்டிலடியில் ஓடியது. அவள் குனிந்து தேடினாள்.

"மூணு. காவலாளி பிடிச்சுட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம்ப்பா."

"பகடை என்னவோ சொல்லட்டும். உன் சாவி எங்க?"

மேஜையில் சாவி இல்லை.

அவருடைய வலது கை மடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து எட்டு மாதமாக, ஊசி குத்தினாலும் தெரியாமல் கிடந்த கை. டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னால் எரிந்து விழுவார்.

விரல்கள் நடுங்கி நடுங்கிப் பிரிந்தன. உள்ளே சாவி.

"எப்பலேர்ந்துப்பா?"

"நீ ஆபீஸ் போனதும் தினமும் அந்தப் பந்தோட ஒத்திகை. தலைவிக்குத் தெரியக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தி, அதில் முகம் புதைத்தாள்.

"மெதுவாம்மா," என்றார் அப்பா. "சாவி குத்துது."